தூக்கத்தில் பல் கடிக்கிறேனாம், பைட் பிளேட் போட்டால் நின்றுவிடுமா?

மிட்ராண்ட்வாசி:

வணக்கம் மக்களே. ராத்திரி நான் பல்லை நறநறவென்று கடிக்கிறேன் என்று மனைவி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். போன மாதம் பல்லில் அடைத்திருந்த ஒரு பழைய ஃபில்லிங் உடைந்து டாக்டரிடம் போனால், அவர் கண்ணாடியைக் கையில் கொடுத்து முன்பல் நுனியெல்லாம் எப்படித் தட்டையாகிக் கிடக்கிறது பார் என்று காட்டினார். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு, நாக்கு ஓரத்தில் பல் பதிந்த தடம், இதெல்லாம் பல் கடிப்பவர்களுக்கு இருக்குமாம். காலையில் எழுந்தால் நெற்றிப்பொட்டு வலிப்பதும் இதனால் இருக்கலாம் என்றார்.

பைட் பிளேட், அதாவது தூங்கும்போது பல்வரிசை மேல் மாட்டுகிற பிளாஸ்டிக் தட்டு, செய்யவேண்டும் என்கிறார். விலையைக் கேட்டதும் தூக்கமே போய்விட்டது. மெடிக்கல் எய்டுக்கு (இங்கே தென்னாப்பிரிக்காவில் மருத்துவக் காப்பீடு) போன் செய்தால் என் பிளானில் அது வருடத்துக்கு ஒதுக்குகிற சேவிங்ஸ் பணத்தில் இருந்துதான் போகும் என்றார்கள், சேவிங்ஸ் பாதி வருடத்திலேயே காலி. இன்னொரு பக்கம் ஃபார்மசியில் வெந்நீரில் போட்டுக் கடிக்கிற மாதிரி ஒன்று தொங்குகிறது, விலை ரொம்பக் குறைவு. பையன் ரக்பிக்குப் போடுகிறானே, பார்க்க அதே சாமான் மாதிரிதான் இருக்கிறது. அதை வாங்கிப் போட்டால் போதாதா? போட்டால் பல் கடிப்பது நிற்குமா? ஊரில் அம்மா வேறு, வயிற்றில் பூச்சி இருக்கும், மாத்திரை சாப்பிடு என்கிறாள்.

லேப்தம்பி_டர்பன்:

ப்ரோ, நான் பல் லேபில் வேலை பார்க்கிறேன், இந்த பிளேட்டுகளைச் செய்கிறதே என் பிழைப்பு. அதனால் நேராகச் சொல்கிறேன்: பைட் பிளேட் பல் கடிப்பதை நிறுத்தாது. நிறுத்தும் என்று யாராவது விற்றால் நம்பாதே. சிலருக்குப் போட்ட புதிதில் கொஞ்ச நாள் கடிப்பது குறையும், அப்புறம் பழையபடி வந்துவிடும். காரில் பிரேக் பேட் தேய்ந்து டிஸ்க் தப்பிக்கிறதே, அந்த வேலைதான் இதற்கும். நீ கடிக்கத்தான் போகிறாய், தேய்வது பல்லின் மேல் பூச்சான எனாமலாக இல்லாமல் பிளேட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், அவ்வளவுதான்.

எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள், ஆனால் போனால் போனதுதான், திரும்ப வளராது. அது தேய்ந்து உள்ளே இருக்கிற மஞ்சள் டென்டின் தெரிய ஆரம்பித்தால் அது இன்னும் மெத்து, மளமளவென்று கரையும், பல் கூச்சமும் சேர்ந்துகொள்ளும். இன்னொரு விஷயம், தூக்கத்தில் கடிக்கும்போது "போதும், வலிக்கிறது" என்று நம்மைத் தடுக்க விழிப்பு கிடையாது. சிலர் முழித்திருக்கும்போது முயன்றாலும் கடிக்க முடியாத வேகத்தில் தூக்கத்தில் கடிக்கிறார்கள். அந்த பலம் பக்கவாட்டில், இரண்டு மூன்று பல்லின் முனை மேலேயே விழும், அதுதான் ஃபில்லிங்கையும் பல் மேல் போடுகிற கிரவுன் உறையையும் உடைக்கிறது.

நல்ல பிளேட்டில் வாயை மூடினால் எதிர் வரிசைப் பல் எல்லாம் ஒரே நேரத்தில் சமமாகத் தொடவேண்டும். தாடையைப் பக்கவாட்டில் இழுத்தால் கோரைப்பல் இடத்தில் ஒரு சின்னச் சரிவு வைத்திருப்போம், அதில் ஏறும்போது கடைவாய்ப் பல் எல்லாம் விலகிக்கொள்ளும். கோரைப்பல்லுக்கு வேர் நீளம், அது தாங்கும். இதற்காகத்தான் டாக்டர் மேல் கீழ் இரண்டுக்கும் அளவு எடுத்து, கடிக்கும் நிலையையும் பதிந்து அனுப்புகிறார். பிளேட் கைக்கு வந்த பிறகும் கலர்த் தாளைக் கடிக்கச் சொல்லி, உயரமாகப் படுகிற இடத்தை அரைத்து அரைத்துச் சரிசெய்வார். விலையில் பாதி அந்த உட்கார்ந்து சரிசெய்கிற நேரத்துக்குத்தான், பிளாஸ்டிக்குக்கு இல்லை. அளவு எடுத்துச் செய்தும் இந்தச் சரிசெய்தலைச் செய்யாமல் கொடுத்தனுப்புகிறவர்களும் உண்டு. அப்படி வாங்குவது வீண் செலவு.

ரக்பிக்குப் போடுகிற பல் கவசம் வேறு சாதி. அது அடி விழுந்தால் அதிர்ச்சியை வாங்குவதற்கு, அதனால் மெத்தாக, தடிமனாக இருக்கும். ஃபார்மசி சாமானும் அந்த வகைதான். மெத்தென்று இருந்தால் சிலருக்கு அதை மெல்லத் தோன்றும், தசை இன்னும் அதிகமாக வேலை செய்யும். லேசாகக் கடிக்கிறவருக்குத் தற்காலிகமாகச் சரி. உனக்கு ஃபில்லிங்கே உடைந்திருக்கிறது, முன்பல் தட்டை. நீ அந்த ரகம் இல்லை என்று நினைக்கிறேன்.

லேபுக்கே நேராக வந்து மலிவாகச் செய்து கேட்கலாமா என்று அடுத்து கேட்பாய். முடியாது, டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் நாங்கள் செய்யலாம், சட்டம் அப்படி.

சாட்ஸ்வொர்த்_அக்கா:

தம்பி, என் வீட்டுக்காரர் கதையைக் கேளுங்கள். முதலில் இவரும் ஃபார்மசி சாமான்தான் வாங்கினார். அதைப் போட்டால் வாயில் எச்சில் ஊறி ஊறித் தூங்கமுடியவில்லை என்று நடுராத்திரி கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார். கொஞ்ச நாளில் பின்பக்கம் கடித்து ஓட்டை போட்டுவிட்டார். அப்புறம்தான் கெட்டியான பிளேட் செய்தோம், உள்ளே மெத்து, வெளியே கடினம் என்று இரண்டு அடுக்கு, அது இன்னும் ஓடுகிறது. முதல் வாரம் மூட்டை கட்டினது மாதிரி இருக்கிறது என்று புலம்பினார், பிறகு அது இல்லாமல் படுக்கமாட்டார்.

நாய் வைத்திருந்தால் ஜாக்கிரதை. எச்சில் வாசனைக்கு நாய்க்கு அது ரொம்பப் பிடிக்கும், என் தங்கை வீட்டில் ஒரு நாய் புது பிளேட்டைத் துண்டு துண்டாக்கிவிட்டது. காரில் டேஷ்போர்டிலும் வைக்காதீர்கள், டர்பன் வெயிலில் வளைந்துவிடும்.

ஒரு விஷயம் நான் கவனித்தது. காவடிக்கு விரதம் இருக்கிற நாட்களில் இவர் பிராண்டியையும் சிகரெட்டையும் தொடமாட்டார். அந்த நாட்களில் நறநற சத்தம் நன்றாகக் குறைந்துவிடும். முருகன் அருளா, பிராண்டி நின்றதாலா என்று நான் அவரிடம் கேட்கமாட்டேன், கேட்டால் சண்டைதான்.

பூச்சி விஷயம் எங்கள் பாட்டியும் சொல்வார்கள். இங்கே கப்பலில் வந்து ஐந்து தலைமுறை ஆகியும் அந்தப் பேச்சு மட்டும் மறக்கவில்லை பாருங்கள்.

மிட்ராண்ட்வாசி:

அக்கா, சிரித்து முடியவில்லை. லேப்தம்பி, இவ்வளவு விவரமாக எங்கள் டாக்டர்கூடச் சொல்லவில்லை, நன்றி. ஒன்று சொல்ல விட்டுப்போனது, நான் குறட்டையும் விடுவேன், நல்ல சத்தமாக. பகலில் மீட்டிங்கில் கண் சொக்கும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? அப்புறம், எட்டு வயதுப் பையனும் தூக்கத்தில் கடிக்கிறான், அவனுக்கும் பிளேட் போடவேண்டுமா?

மாரிட்ஸ்பர்க்_பல்டாக்டர்:

சம்பந்தம் இருக்கலாம், இதை முதலில் பாருங்கள். தூக்கத்தில் பல் கடிப்பது பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கத்தில் வருவதில்லை. லேசான உறக்கத்தில், மூளை ஒரு சில விநாடி பாதி விழித்து மறுபடி அடங்குகிற நேரத்தில் வருகிறது. இதயத்துடிப்பு கொஞ்சம் ஏறும், அடுத்து தாடைத் தசை வேலையை ஆரம்பிக்கும். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு இந்த மாதிரி பாதி விழிப்புகள் அதிகம். மேல் தாடைக்கு மட்டும் போடுகிற பிளேட் சிலருக்கு மூச்சுத் தடையை இன்னும் கூட்டிவிடுகிறது. ஆகவே பகல் தூக்கம், காலையில் வாய் வறட்சி, ரத்த அழுத்தம் இதெல்லாம் இருந்தால் பிளேட்டுக்கு அளவு கொடுக்கும் முன் ஜிபியிடம் (குடும்ப டாக்டரிடம்) போய்த் தூக்கப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். மூச்சுத் தடை உறுதியானால் கீழ்த்தாடையை முன்னே தள்ளிப் பிடிக்கிற வேறு வகைச் சாதனம் இருக்கிறது, அல்லது மூச்சுப்பாதை மூடாமல் காற்றை அழுத்தி அனுப்புகிற மெஷின். (மெஷின் வந்தால் இன்வெர்ட்டரும் வாங்குங்கள், மின்வெட்டை யார் நம்புவது.)

மன அழுத்தத்துக்கோ மனச்சோர்வுக்கோ ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா? செர்ட்ரலின், ஃபுளூவாக்ஸெடின், எஸ்சிட்டலோபிராம் மாதிரியான மருந்துகள் சிலருக்குப் பல் கடிப்பதைத் தொடங்கிவிடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். அக்கா சொன்ன பிராண்டி விஷயமும் வெறும் கதை இல்லை, குடி, சிகரெட் இரண்டுமே பல் கடிப்பவர்களிடம் அதிகம் காணப்படுகிறது, ஒரு நாளைக்கு எட்டு கப்புக்கு மேல் காபி குடிப்பவர்களிடமும்தான். பல் வரிசை கோணலாக இருப்பதுதான் காரணம் என்று முன்பு சொல்வார்கள், இப்போது அதைப் பெரிதாக எடுப்பதில்லை. அதற்காகப் பல்லை அரைத்துச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் இன்னொருவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பகலையும் கவனியுங்கள். சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் சேர்த்துப் பல்லும் பல்லும் தொடுகிற நேரம் ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போலத்தான். மற்ற நேரம் உதடு மூடியிருக்க, பல் விலகியிருக்கவேண்டும். ரோபோவில் (டிராஃபிக் லைட்டில்) சிவப்பு விழுந்து நிற்கும்போது, என்3 நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்போது உங்கள் தாடை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் அங்கேயே இறுக்கிக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். அது பழக்கம், கவனித்தால் விடலாம், அதற்கு பிளேட் வேண்டாம். நெஞ்செரிச்சல் இருந்தாலும், கோலா அதிகம் குடித்தாலும் அமிலத்தில் எனாமல் இளகும், அதன் மேல் கடித்தால் இன்னும் தேயும்.

பையனுக்கு இப்போது பிளேட் வேண்டாம். பாதி பால்பல், பாதி புதுப்பல், தாடை வளர்ந்துகொண்டிருக்கிறது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாகவே நின்றுவிடும். அவனும் குறட்டை விட்டாலோ வாயால் மூச்சு விட்டாலோ மட்டும் டான்சில், மூக்குச் சதை வீங்கியிருக்கிறதா என்று காட்டுங்கள். பூச்சிக்கும் பல் கடிப்பதற்கும் உறுதியான தொடர்பு எதுவும் இல்லை. அம்மா மனசுக்காக மாத்திரை கொடுப்பதென்றால் டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள்.

செலவு பற்றி: ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ், பக்கத்தில் பிரிட்டோரியா, இரண்டு பல்கலைக்கழகத்திலும் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. மாணவர்கள் செய்வார்கள், மேலே பேராசிரியர்கள் பார்ப்பார்கள், காத்திருக்கவேண்டும், ஆனால் பல்லுக்கு அவசரம் இல்லை என்றால் விசாரித்துப் பார்க்கலாம்.

பீனிக்ஸ்_பையன்:

முன்பல்லுக்கு மட்டும் மாட்டுகிற குட்டி பிளேட் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே, அது எப்படி?

மாரிட்ஸ்பர்க்_பல்டாக்டர்:

டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் வேண்டாம். பின்பற்களுக்குத் தொட எதுவும் இல்லாவிட்டால் மாதக்கணக்கில் அவை மெல்ல ஈறிலிருந்து வெளியே எழும், முன்பல் உள்ளே அமுங்கும், கடைசியில் பகலில் வாயை மூடினால் முன்பல் சேராது. தூக்கத்தில் கழன்று தொண்டைக்குள் போகிற அபாயமும் உண்டு.

மிட்ராண்ட்வாசி:

ஜிபியிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கிவிட்டேன், குறட்டையை முதலில் பார்த்துவிடுகிறேன். பிளேட்டுக்குச் சேவிங்ஸ் ஜனவரியில் திரும்ப நிரம்பும், அதுவரை ஃபார்மசி சாமானை ஓட்டலாமா லேப்தம்பி? பிளேட் வந்தால் எப்படிக் கழுவுவது என்றும் சொல்லிவிடு.

லேப்தம்பி_டர்பன்:

ஓட்டலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள். குறட்டை வேறு இருக்கிறது. சரி என்றாலும் காலையில் தாடை மூட்டு வலித்தாலோ, கடி மாறின மாதிரி தெரிந்தாலோ உடனே நிறுத்திவிடு. உடைந்த ஃபில்லிங்கை மட்டும் இப்போதே சரிசெய்துவிடு, ஜனவரி வரை தள்ளாதே. பிளேட் செய்த பிறகு பல்லின் வடிவம் மாறினால் பிளேட் உட்காராது, கிரவுன் போடுவதாக இருந்தாலும் அதை முடித்துவிட்டுத்தான் அளவு கொடுக்கவேண்டும்.

கழுவ வெந்நீர் கூடாது, வளைந்துவிடும். பச்சைத் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், கொஞ்சம் பாத்திரம் கழுவுகிற லிக்விட், போதும். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து அதற்குள் நாற்றம் சேரும். வாரத்துக்கு ஒரு தடவை பல்செட் கழுவுகிற மாத்திரை கரைத்த தண்ணீரில் ஊறவைக்கலாம். காயவைத்துக் காற்றுப் போகிற டப்பாவில் போடு, ஈரத்தோடு மூடி வைக்காதே. ஒவ்வொரு செக்கப்புக்கும் கையோடு எடுத்துப் போ, எங்கே குழி விழுந்திருக்கிறது என்று பார்த்து டாக்டர் அரைத்துக் கொடுப்பார். கெட்டியான அக்ரிலிக் பொதுவாகச் சில வருடம் வரும், நீ கடிக்கிற கடியைப் பொறுத்து.

டாக்டரிடம் உன் பல் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள், ஸ்கேன் எடுத்திருந்தால் ஃபைலைக் கேள். அதற்குள் பல் மாறாமல் இருந்தால், நாயோ பையனோ பிளேட்டை உடைத்தாலும் அதிலிருந்தே இன்னொன்று செய்துவிடலாம்.