ஓஹையோ ஆமிஷ் பகுதி: சார்ம் கிராமத்துக்கு வார இறுதியில் போகலாமா?

கொலம்பஸ்வாசி:
காரை விட்டுக் குதிரை வண்டியில போற ஆமிஷ் கிறிஸ்தவங்க வாழுற ஹோம்ஸ் கவுண்டியில (மாவட்டம் மாதிரி) இருக்கிற சார்ம் குக்கிராமத்தையும் சுத்துவட்டாரத்தையும் கார்ல போய்ப் பார்க்கத் திட்டம். சனி மதியம் கிளம்பி, ராத்திரி பக்கத்து ஊரான பெர்லின்ல தங்கி, ஞாயிறு முழுக்கச் சுத்தலாம்னு யோசனை. கூட ரெண்டு பேர் சைவம், எட்டு வயசுப் பையன் ஒருத்தன். சரியா வருமா? குதிரை வண்டிகளுக்கு நடுவுல ஓட்ட என்ன கவனிக்கணும்?

மேட்டுச்சாலை:
ஞாயிறை முதல்ல அடிச்சிடுங்க. சார்ம்ல அன்னிக்கு மூடின கதவுதான். பண்ணை வாசல்ல முட்டை, தேன்னு எழுதி வெச்ச பலகையிலகூடக் கீழே 'ஞாயிறு விற்பனை இல்லை'ன்னு ஒரு வரி இருக்கும். சனிக்கிழமையும் சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பல கடை மூடிடும். வெள்ளி, சனின்னு மாத்துங்க. முடிஞ்சா புதன்கிழமை: மவுண்ட் ஹோப்ல கால்நடை ஏலம். வியாழன்னா வடக்கே கிட்ரன்ல ஏலம். மின்சாரம் இல்லாத வீட்டுச் சாமான் விக்கிற லீமன்ஸ் கடையும் அங்கேதான்.

வழி சுலபம். கொலம்பஸ்ல இருந்து யு.எஸ். 62 நெடுஞ்சாலை பிடிச்சு மில்லர்ஸ்பர்க் தாண்டுங்க. பெர்லினுக்கு முன்னாடியே ஸ்டேட் ரூட் 557 தெற்கே பிரியும், அதுல போனா சார்ம். வழியிலேயே குகிஸ்பர்க் சீஸ் கடை. ஊர் கையளவுதான், ஆனா உள்ளே கீம்னு ஒரு மரக்கடை இருக்கு, அளவைப் பார்த்தா நம்ப மாட்டீங்க. பள்ளத்தாக்குல போன் சிக்னல் போயிடும், வரைபடத்தை முன்னாடியே இறக்கி வெச்சுக்கோங்க.

இப்ப ஓட்டுறது. ஆபத்து வேக வித்தியாசத்துலதான். நீங்க 55 மைல்ல வர்றீங்க, வண்டி 5 மைல்ல போகுது. 500 அடி முன்னாடி தெரிஞ்சாலும் ஏழு செகண்ட்ல முட்டிடுவீங்க. அந்தப் பகுதி பூரா ஏத்த இறக்கம். முகட்டைத் தாண்டினதும் நேரா முன்னால வண்டி நிக்கும். முகடு வர்றதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைங்க.

ஓஹையோவில 2022ல இருந்து வண்டிக்கு மஞ்சள் மினுக்கு விளக்கு கட்டாயம். ஆனா ஸ்வார்ட்சென்ட்ரூபர்ங்கிற ரொம்பக் கட்டுப்பாடான ஆமிஷ் பிரிவுக்காரங்களுக்கு அதுல உடன்பாடு இல்லை, மெதுவா போற வண்டின்னு காட்டுற ஆரஞ்சு முக்கோணமும் மாட்ட மாட்டாங்க. அதனால இருட்டுல விளக்கை நம்பி ஓட்டாதீங்க. முந்தும்போது ஹாரன் வேண்டாம், குதிரை மிரளும். இடம் விட்டு முந்திட்டு, உடனே அதுக்கு முன்னால வெட்டித் திரும்பாதீங்க. ஏத்தத்துல வண்டி நின்னா, பின்னால ஒரு காரளவு இடைவெளி விடுங்க, கொஞ்சம் பின்னுக்கு உருளும்.

தயிர்சாதம்:
சாப்பாட்டுல 'சைவம்'னா அங்கே யாருக்கும் புரியாது, ஒவ்வொண்ணா கேளுங்க. நூடுல்ஸ் முட்டை போட்டது, கோழிச் சாறுல வேக வெச்சது. பீன்ஸ்ல பன்றித் துண்டு இருக்கும். உருளைக்கிழங்கு மசியல் சரி, மேல ஊத்துற கிரேவி வேண்டாம்னு சொல்லணும். பழம் வெச்சுச் சுடுற பை (pie) பண்டத்தோட மேலோட்டுல பன்றிக்கொழுப்பு இருக்கலாம், இதைத்தான் நிறைய பேர் தவற விடுறாங்க. சீஸ்ல பாலை உறைய வைக்கப் போடுறது கன்றுக்குட்டி ரென்னெட்டா, நுண்ணுயிர் ரென்னெட்டான்னு கடையிலேயே கேட்டுடுங்க. கடலை வெண்ணெய் ஸ்ப்ரெட்ல மார்ஷ்மெல்லோ கிரீம் உண்டு, அதுல முட்டை வெள்ளைக்கரு இருக்கும். ரொட்டி, ஆப்பிள் பட்டர்னா பயமில்லை. சில்லறை நோட்டு எடுத்துட்டுப் போங்க, பண்ணை வாசல்ல உண்டியல் மட்டும்தான் இருக்கும்.

கொலம்பஸ்வாசி:
வெள்ளி, சனின்னு மாத்திட்டேன். பையனுக்கு வண்டி பக்கத்துல போட்டோ எடுக்கலாமா?

மேட்டுச்சாலை:
கட்டிப் போட்டிருக்கிற குதிரையைத் தொட விடாதீங்க, கடிக்கும், உதைக்கும். ஓட்டுறவர் முகம் தெரிய எடுக்கவே கூடாது. தூரத்துல, முதுகுப் பக்கமா போற வண்டின்னா பரவாயில்லை. கடை வாசல்ல கம்பி போட்ட இடம் குதிரைகளுக்கானது, அங்கே காரை நிறுத்தாதீங்க. மழை வந்துட்டா பெர்லின் பக்கத்துல பெஹால்ட் வட்ட ஓவியம் பாருங்க: பத்தடி உயரம், 265 அடி நீளம், ஆமிஷ்காரங்க கிளைச்சு வந்த அனபாப்டிஸ்ட் கிறிஸ்தவ இயக்கத்தோட வரலாறு முழுக்க அதுல இருக்கு. பையனுக்கு ஹோம்ஸ் கவுண்டி டிரெயில் பிடிக்கும். பழைய ரயில் பாதைதான், சைக்கிளுக்கு ஒரு பக்கம், குதிரை வண்டிக்கு ஒரு பக்கம். சாணியைப் பார்த்து மிதிங்க.