தண்ணீர்விட்டான் கிழங்கை எப்போது தோண்டலாம்?

கேள்வி:
விதையிலிருந்து வளர்த்த தண்ணீர்விட்டான் (சதாவரி என்னும் மூலிகை) கொடிக்கு இப்போது 14 மாதம் ஆகிறது. கம்பி வேலியைப் பற்றிக்கொண்டு ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. ஆவல் தாங்காமல் ஒரு பக்கம் மண்ணை விலக்கிப் பார்த்தபோது, சுண்டுவிரலை விட மெலிந்த வெள்ளைக் கிழங்குகள் ஏழெட்டுத் தென்பட்டன, உடனே மூடிவிட்டேன். இப்போதே எடுக்கலாமா? எடுத்தால் கொடி பிழைக்குமா?

பதில் 1:
மூடிவிட்டது நல்லது. வறண்ட மாதங்களைத் தாண்டுவதற்காக இந்தக் கொடி கிழங்கில் நீரையும் சத்தையும் சேர்த்து வைக்கிறது. அந்தச் சேமிப்பு திரள்வதற்குள் எடுத்தால் தோலும் நாருமே மிஞ்சும். இரண்டு ஆண்டுகளாவது நிறையட்டும், மூன்றாம் ஆண்டு என்றால் இன்னும் நல்லது. கொடி மஞ்சளடித்து ஓயும் பருவத்தில், தூரை அசைக்காமல் ஒரு பக்கத்து மண்ணை மட்டும் களைக்கொத்தியால் விலக்கி, வெளிவட்டத்துக் கிழங்குகளை அறுத்தெடுத்துவிட்டு மறுபக்கத்தை அப்படியே விட்டுவிட்டால், அடுத்த மழையில் தூரிலிருந்து புதுத் தண்டு கிளம்பும். அதுவரை தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரில் தண்ணீர் இருந்தாலும், ஈரம் நின்றால் கிழங்கு அழுகிவிடும். மணல் கலந்த மண்தான் இதற்கு ஏற்றது. தண்டில் முள் உண்டு, கையுறை அவசியம்.

பதில் 2:
எடுத்த அன்றே பக்குவம் செய்துவிடுங்கள் என்பது என் அனுபவம். கழுவிய கிழங்கைக் கொதிநீரில் சில நிமிடம் போட்டெடுத்து நகத்தால் கீறினால், மேல்தோல் சட்டை போலக் கழன்று வரும். பிறகு ஒரு முனையைக் கிள்ளி, நடுவில் ஓடும் நரம்பை மெல்ல இழுத்தால் முழுதாக உருவிக்கொண்டு வந்துவிடும். முதல் முறை நான் தோலோடு காயவைத்துவிட்டேன். காய்ந்தபின் தோலும் வரவில்லை, நரம்பும் வரவில்லை, பொடித்தபோது எல்லாம் நாராகவே இருந்தது. நன்றாக உலர்ந்த கிழங்கு வளையாது, ஒடியும். அதன்பின் பொடித்துக் காற்றுப் புகாத புட்டியில் வைக்கலாம்.

பதில் 3:
விதை வாங்கியபோது சரியான இனம்தானா என்று உறுதி செய்தீர்களா? தண்ணீர்விட்டான் சேர்ந்த ஆஸ்பாரகஸ் பேரினத்தில் அழகுக்காக வளர்க்கும் வகைகளும் உண்டு, அவை பார்வைக்கு ஏறத்தாழ இப்படியே இருக்கும். அவற்றின் கிழங்கை மருந்தாக எண்ணிச் சாப்பிடக் கூடாது. தண்ணீர்விட்டானிலும் சிவந்து பழுக்கும் கனிகள் உண்பதற்கானவை அல்ல, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பறித்துவிடுங்கள். கருவுற்றிருப்பவர்களும், ஹார்மோன் தொடர்பான நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பொடியைத் தொட வேண்டாம். பறித்த கனிகளில் நன்கு பழுத்தவற்றின் விதையை ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். முளைக்க வாரக்கணக்கில் ஆகும், பொறுமையாக ஈரம் காத்து வாருங்கள்.