ஆன்டி-டிபிஓ கூடுதல், டிஎஸ்எச் நார்மல். மருந்து தேவையா?

யீஷூன்_மலர்:
தைராய்டு ரத்தப் பரிசோதனையில் ஆன்டி-டிபிஓ (ஒரு வகை ஆன்டிபாடி) 310 என்று வந்திருக்கிறது, பக்கத்தில் சிவப்பில் குறி வேறு. டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் கூடும் ஹார்மோன்) 2.1, ஃப்ரீ டி4-உம் (தைராய்டு ஹார்மோன் அளவு) சரியாகவே இருக்கிறது. அம்மாவுக்கு ஹாஷிமோட்டோ (உடம்பே தைராய்டைத் தாக்கும் நோய்), பல வருடமாகத் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறார், அதனால்தான் கூடுதலாகக் காசு கட்டி இதையும் பார்த்தேன். கிளினிக்கில் இப்போதைக்கு மருந்து வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். வரப்போகிறது என்று தெரிந்தும் எப்படிச் சும்மா இருப்பது? அடுத்த வருடம் குழந்தைக்கு முயலலாம் என்றிருக்கிறோம், மனசு கேட்கவில்லை.

தோபாயோ_அக்கா:
மலர், டாக்டர் சொன்னது சரிதான்மா. டிபிஓ என்பது தைராய்டு ஹார்மோன் தயாரிக்க உதவும் நொதி. அதற்கு எதிராக உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கியிருக்கிறது, ஆனால் சுரப்பி இன்னும் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, அதைத்தான் உன் டிஎஸ்எச் காட்டுகிறது. இங்கிலாந்தில் விக்கம் என்ற பகுதி மக்களை 20 வருடம் பின்தொடர்ந்து 1995இல் முடிவை வெளியிட்டார்கள்: ஆன்டிபாடி மட்டும் இருந்த பெண்களில் வருடத்துக்கு 100க்குச் சுமார் 2 பேருக்குத்தான் தைராய்டு குறைந்தது, டிஎஸ்எச்-உம் கூடியிருந்தவர்களில் 4 பேருக்கு மேல். அதனால் வருடம் ஒருமுறை டிஎஸ்எச் பார், போதும். ஆன்டிபாடியையே திரும்பத் திரும்ப எடுக்காதே, அந்த எண் ஏறி இறங்குவதை வைத்து யாரும் மருந்து மாற்றப்போவதில்லை, காசுதான் வீண்.

செங்காங்_அம்மா:
குழந்தை விஷயத்தில்தான் இந்த ரிசல்ட் உண்மையிலேயே உதவும். கர்ப்பம் உறுதியானதும் முதல் சந்திப்பிலேயே டிபிஓ பாசிட்டிவ் என்று சொல்லிவிடுங்கள், பாதிக் கர்ப்பகாலம் வரை 4 வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்ப்பார்கள். டிஎஸ்எச் நார்மலாக இருக்கும்போதே தைராக்சின் கொடுத்தால் கருச்சிதைவு குறையுமா என்று பிரிட்டனில் பெரிய ஆய்வு செய்து 2019இல் வெளியிட்டார்கள், பலன் இல்லை என்றுதான் தெரிந்தது.

பிரசவத்துக்குப் பிறகும் விடாதீர்கள். எனக்கு முதலில் சும்மா உட்கார்ந்திருந்தாலே நெஞ்சு படபடக்கும், சில மாதம் கழித்து ஒரே சோர்வு, குளிர், சீப்பு வைத்தால் கொத்தாக முடி. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் பத்தியச் சாப்பாட்டைக் கூட்டினார்களே தவிர, யாருக்கும் தைராய்டு என்று தோன்றவில்லை. டிபிஓ பாசிட்டிவ் உள்ளவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு இப்படித் தைராய்டு கோளாறு வர வாய்ப்பு அதிகம்.

தேக்கா_குமார்:
முடிக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதிக அளவு பயோட்டின் சில ஆய்வகங்களில் தைராய்டு ரிசல்ட்டையே மாற்றிக் காட்டும், ரத்தம் எடுக்கக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள். கடற்பாசி அயோடின் மாத்திரை பக்கமே போகாதீர்கள், இருக்கிற பிரச்சினையைக் கூட்டிவிடும்.

யீஷூன்_மலர்:
பயோட்டின் சாப்பிடுகிறேன், இதை யாருமே சொல்லவில்லை! நன்றி. அப்போ முயல ஆரம்பிக்கும் முன்னாலேயே ஒருமுறை டிஎஸ்எச் பார்க்கலாமா?

தோபாயோ_அக்கா:
கட்டாயம் பார். பாலிகிளினிக்கிலேயே கேட்கலாம், இந்த ரிசல்ட் தாளையும் அம்மாவின் விவரத்தையும் கையோடு கொண்டு போ.