லண்டன்: உள்ளே அழைத்துப்போய்க் காட்டும் டூர்களை எப்போது புக் பண்ணுவது? (மே மாதம், குடும்பத்தோடு)

கோவைக்_குடும்பம்:
வணக்கம். வருகிற மே முதல் வாரத்திலிருந்து ஒன்பது நாள் லண்டனில் இருக்கப்போகிறோம். நாங்கள் இரண்டு பேர், 13 வயது மகள், 8 வயது மகன், கூட மாமியார். அவருக்கு முழங்கால் வலி, படி ஏறுவது கஷ்டம். வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதைவிட, ஒவ்வொன்றும் உள்ளே எப்படி ஓடுகிறது என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பது ஆசை. பிக் பென் மணிக்கூண்டு, ஹாரி பாட்டர் ஸ்டூடியோ, மூடிக்கிடக்கும் பாதாள ரயில் நிலையம், லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானம், டவர் ஆஃப் லண்டனில் இரவு கோட்டையைப் பூட்டும் சடங்கு, இவ்வளவும் பட்டியலில் இருக்கின்றன. விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. கையில் வந்த பிறகு புக் பண்ணினால் போதுமா?

தேம்ஸ்_கரையோரம்:
போதாது. விசிட்டர் விசாவுக்குப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்னால்தான் விண்ணப்பிக்கவே முடியும். அதன் பிறகு முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். அதாவது பிப்ரவரி தொடக்கத்தில் போட்டால் மாத இறுதியில் கைக்கு வரும். பிக் பென் டிக்கெட்டோ மாதந்தோறும் இரண்டாவது புதன்கிழமை காலை 10 மணிக்கு, மூன்று மாதம் தள்ளிய தேதிகளுக்குத் திறக்கும். மே மாத டிக்கெட் பிப்ரவரி இரண்டாவது புதனில் வந்துவிடும், சீக்கிரம் தீர்ந்தும்விடும். விசாவுக்குக் காத்திருந்தால் இது ஒன்று கண்டிப்பாகப் போய்விடும்.

ஆகவே முதலில் எது எப்போது திறக்கிறது என்று தேதி வாரியாக எழுதிவையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே, ரத்து செய்தால் பணம் திரும்புமா, தேதி மாற்ற முடியுமா என்று அந்தந்த இடத்தின் விதியையும் குறித்துக்கொள்ளுங்கள். விசாவுக்கு முன்னால் வாங்கியே தீர வேண்டியதில் மட்டும் துணிந்து பணம் போடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

நேரக் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். பிப்ரவரியில் லண்டன் காலை 10 என்றால் நம்மூரில் மதியம் 3:30. மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள், அதற்குப் பிறகு அதே 10 மணி நமக்கு 2:30.

பிக் பென்னில் 11 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி கிடையாது. மணி இருக்கும் மாடம் வரை 334 படி, பார்வையாளர்களுக்கு லிஃப்ட் இல்லை. மகனும் மாமியாரும் ஏற முடியாது, ஆகவே மகளுக்கும் உங்களில் ஒருவருக்கும் மட்டும் இரண்டு டிக்கெட் எடுங்கள். அந்த ஒன்றரை மணி நேரம் மற்ற மூவரும் தேம்ஸ் கரையில் நிதானமாக உட்கார்ந்திருக்கலாம். மகளிடம் பெண்டுலத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். அதன் மேல் பழைய ஒரு பென்னி நாணயங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு நாணயம் கூட்டினால் கடிகாரம் நாளுக்கு 0.4 நொடி வேகமாகும், எடுத்தால் அதே அளவு மெதுவாகும். மேலே 13.7 டன் மணிக்குப் பக்கத்திலேயே நின்று அது அடிப்பதைக் கேட்கலாம், காதுக்கு அடைப்பான் அவர்களே தருவார்கள். போனும் பையும் கீழே லாக்கரில். இத்தனை படி ஏறியதற்கும் அது தகும்.

சுரங்க_ரயில்:
மூடிய நிலையங்களுக்கு லண்டன் டிரான்ஸ்போர்ட் மியூசியம் நடத்தும் ‘ஹிடன் லண்டன்’ டூர்தான் வழி. இது தினமும் நடக்கிற விஷயம் இல்லைங்க. சில நிலையங்கள், சில தேதிகள் என்று மொத்தமாக அறிவிப்பார்கள். அவங்க செய்திமடலுக்கு இப்பவே மின்னஞ்சல் கொடுத்து வைங்க, தகவல் முதலில் அதில்தான் வரும். இங்கேயும் வயது வரம்பு உண்டு. குறைந்தது 10 ஆகியிருக்கணும், சில டூருக்கு அதைவிடக் கூடுதல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் போட்டிருப்பாங்க. 8 வயதுப் பையனை “பரவாயில்லை, உள்ளே விடுவாங்க” என்று நம்பி அழைத்துப் போகாதீங்க, வாசலிலேயே நிறுத்திடுவாங்க, பணமும் போகும். செருப்பு, விரல் தெரியும் சாண்டல் இதெல்லாம் கூடாது, மூடிய தட்டையான ஷூதான். கழிப்பறை இருக்காது, டீக்கடையிலேயே முடிச்சிட்டு வாங்க.

ஆல்ட்விச் கிடைத்தால் விடாதீங்க. 1907-ல் திறந்து 1994-ல் மூடிய நிலையம். பயணிகள் ரொம்பக் குறைவு, பழைய லிஃப்ட்டை மாற்றும் செலவு கட்டுப்படியாகலை, அதான் மூடினாங்க. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மக்கள் குண்டுவீச்சுக்கு ஒதுங்கியதும், பிரிட்டிஷ் மியூசியம் தன் பொருள்களை ஒளித்து வைத்ததும் இதே சுரங்கத்தில்தான்.

பையனுக்கு அதைவிடப் பொருத்தமானது மெயில் ரயில். கிளார்க்கன்வெல் பக்கம் போஸ்டல் மியூசியத்தில் இருக்கு. 1927 முதல் 2003 வரை நகரத்துக்குக் கீழே ஆள் இல்லாமல் தபால் மூட்டைகளை இழுத்த குட்டி ரயில் பாதை அது. இப்போ அதே சுரங்கத்தில் சுமார் 15 நிமிஷம் உட்கார வைத்துக் கூட்டிப்போறாங்க. பெட்டி ரொம்பக் குறுகல், தலைக்கு மேலே கூரை ஒட்டினாற்போல வரும். நடுவில் வண்டி நின்றால் சுரங்கத்தில் இறங்கி நடக்கத் தெம்பு வேணும் என்பது அவங்க நிபந்தனை. மாமியாருக்கு இது வேண்டாம், மியூசியத்தை மட்டும் பார்க்கட்டும். நேரச்சீட்டு முறைதான். விசா வந்த பிறகு வாங்கினாலும் வார நாளில் பெரும்பாலும் கிடைக்கும்.

கோவைக்_குடும்பம்:
ரொம்ப நன்றி, மகனையும் மகளையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டியிருக்கும் என்று தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு சந்தேகம். ஸ்டூடியோ டிக்கெட் நாங்கள் பார்த்த சனிக்கிழமைக்கு இல்லை, வேறு ஒரு தளத்தில் பஸ்ஸோடு சேர்த்து அதிக விலைக்குக் காட்டுகிறது. எடுக்கலாமா? அப்புறம் வெளிநாட்டுத் தளங்களில் எங்கள் கார்டு ஏறவே மாட்டேன் என்கிறது.

பெட்டி_கட்டுவோம்:
கார்டு முதலில். 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் ஆன்லைன் பயன்பாடும் மூடியே இருக்கும். வங்கி ஆப்பில் போய் இரண்டையும் நீங்களே திறந்து, வரம்புத் தொகையையும் ஏற்றிவிடுங்கள். டிக்கெட் திறக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் ஏதாவது சின்னத் தொகைக்குச் சோதித்துப் பாருங்கள். ஆன்லைன் வரிசையில் காத்திருந்து உள்ளே நுழைந்த பிறகு கார்டு மறுக்கப்பட்டால், கூடையில் இருக்கும் டிக்கெட் சில நிமிடத்தில் அடுத்தவருக்குப் போய்விடும். ஓடிபி வரும் சிம் உள்ள போன் பக்கத்தில் இருக்கட்டும். ஏற்கெனவே கணக்குத் தொடங்கி, பெயர்களைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் நேரம் மிச்சமாகும்.

ஸ்டூடியோ: அங்கே வாசலில் டிக்கெட் விற்பதில்லை, முன்பதிவு மட்டும்தான். பஸ்ஸோடு சேர்த்துத் தரும் அங்கீகரித்த நிறுவனங்கள் உண்டு, ஸ்டூடியோவின் சொந்தத் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆனால் உங்களுக்கு அது தேவையே இல்லை. மே முதல் பாதியில் இங்கிலாந்தில் பள்ளி நடக்கும். அந்தப் பாதியில் முதல் திங்கள் மட்டும் பொது விடுமுறை, பள்ளிகளின் அரைப்பருவ விடுமுறை மாதக் கடைசியில்தான். செவ்வாய், புதன், வியாழனில் தேடுங்கள், கிடைக்க நல்ல வாய்ப்பு. 5 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும்தான் இலவசம், உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் பணம் கொடுத்துத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

போகும் வழியில் ஒரு சிக்கல். ஸ்டூடியோ இருப்பது லீவ்ஸ்டனில், லண்டனுக்கு வெளியே. யூஸ்டன் நிலையத்திலிருந்து வாட்ஃபோர்ட் ஜங்ஷனுக்கு வேக ரயில் 20 நிமிடம். அதே யூஸ்டனிலிருந்து அதே ஊருக்கு லயனஸ் லைன் ரயிலும் போகும், ஆனால் எல்லா நிலையத்திலும் நின்று நின்று முக்கால் மணி நேரம் ஆக்கும். தெரியாமல் அதில் ஏறினால் ஸ்லாட் தவறும். வாட்ஃபோர்டிலிருந்து ஷட்டில் பஸ் 15 நிமிடம். டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் வாட்ஃபோர்டில் இருப்பதாகக் கணக்குப் போடுங்கள். சுற்றிப் பார்க்கவே மூன்றரை மணி ஆகும், அன்றைக்கு வேறு எதையும் நேரம் குறித்து வாங்காதீர்கள்.

தேம்ஸ்_கரையோரம்:
மிச்சம் இரண்டு. கோட்டைப் பூட்டும் சடங்குக்கு டிக்கெட் மாதத்தின் முதல் வேலை நாள் பகல் 12 மணிக்கு, அடுத்த மாதத்துக்காகத் திறக்கும். மே மாதத்துக்கு ஏப்ரல் தொடக்கத்தில், நம் நேரம் மாலை 4:30. அதற்குள் விசா வந்திருக்கும், துணிந்து வாங்கலாம். விலையும் குறைவுதான், ஆனால் இடம் கொஞ்சம்தான். இரவு 9:30-க்கு வாசலில் இருக்க வேண்டும், பிந்தி வந்தால் உள்ளே விட மாட்டார்கள். 9:53-க்குத் தலைமைக் காவலர் விளக்கோடு வருவார், காவல் நிற்கும் சிப்பாய் வழிமறித்து “யார் அங்கே?” என்று கேட்பார், “சாவிகள்” என்று பதில் வரும். பத்து மணிக்கு ஊதுகொம்பு. போட்டோ எடுக்கக் கூடாது, தரை கருங்கல் பாவிய மேடுபள்ளம், உட்கார இடமில்லை. மாமியாரை விடுதியில் ஓய்வெடுக்க விடுங்கள். ஊரிலிருந்து வந்து இறங்கிய முதல் இரவுக்கு வாங்கவே வேண்டாம். நம் கணக்கில் அது விடியற்காலை இரண்டரை, பையன் நின்றபடியே தூங்கிவிடுவான்.

லார்ட்ஸைக் கடைசியில் வையுங்கள். மேட்ச் அட்டவணையைப் பார்க்காமல் தேதி போடாதீர்கள். ஆட்டம் இருந்தால் டூர் நின்றுவிடும், அல்லது பார்க்கும் இடங்கள் சுருங்கும். ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குப் போகும் வழியில் கடக்கும் லாங் ரூமும், மியூசியத்தில் இருக்கும் ஆஷஸ் கோப்பையும் இல்லாமல் போனால் பையன் ஏமாந்துபோவான். கோப்பை உள்ளங்கை அளவுதான், முன்னாலேயே சொல்லி வையுங்கள். படி இல்லாத வழி வேண்டும் என்று புக் பண்ணும்போதே எழுதிக் கேட்டுவிட்டால் மாமியாரும் வரலாம். செயின்ட் ஜான்ஸ் வுட் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான்.