விற்க ஒரு மருந்துகூட இல்லாத கம்பெனியின் ஐபிஓ: வாங்கலாமா, காத்திருக்கலாமா?

மருதம்:
வணக்கம். ஒரு பயோடெக் கம்பெனி அடுத்த மாதம் ஐபிஓ மூலம், அதாவது முதல் பங்கு வெளியீடு மூலம், பங்குச் சந்தைக்கு வருகிறது. பெயர் வேண்டாம், சொன்னால் பேச்சு அந்தக் கம்பெனியோடு நின்றுவிடும். கையில் இரண்டு மருந்துகள். ஒன்று இரண்டாம் கட்ட மனிதச் சோதனையில் இருக்கிறது, மற்றது இன்னும் எலிகளைத் தாண்டவில்லை. வருமானம் பூஜ்யம். ஐந்து ஆண்டுகளாக நஷ்டம், அதுவும் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. வேறு தொழிலாக இருந்தால் இந்தக் கணக்கைப் பார்த்ததுமே மூடி வைத்திருப்பேன். ஆனால் இந்தத் துறையில் பெரும்பாலான கம்பெனிகள் இப்படித்தான் வருகின்றன என்கிறார்கள். முதல் நாளே வாங்குவதா, காத்திருப்பதா, கிட்டவே போகக்கூடாதா? பணம் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
பயோடெக்கே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஐபிஓ-வில் வேண்டாம் என்கிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒன்றை வாங்கினேன். ஒரே மருந்து, ஒரே சோதனை. ஒரு நாள் சந்தை திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது அறிக்கை வந்தது. நான்கே பத்தி. முதல் பத்தியில் சோதனை முடிந்தது, நோயாளிகள் மருந்தை நன்றாகத் தாங்கிக்கொண்டார்கள் என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு வீட்டில் போய்ச் சொல்லிவிட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்து மீதியைப் படிக்கும்போதுதான் இரண்டாம் பத்தி நடுவில் அந்த வரி: முதன்மை இலக்கை எட்டவில்லை. அதாவது மருந்து வேலை செய்வதாகச் சோதனை காட்டவில்லை. சந்தை திறந்தபோது பங்கு 68 சதவீதம் கீழே. இழப்பைக் கட்டுப்படுத்த ஒரு விலையில் விற்கச் சொல்லி வைத்திருந்தேன், அது எதற்கும் உதவவில்லை. நேற்று மாலை ஒரு விலை, இன்று காலை ஒரு விலை, நடுவில் எதுவுமே கிடையாது.

பெயர் தெரிந்த உதாரணம் வேண்டுமா? ஆக்ஸோவன்ட். கிளாக்ஸோஸ்மித்க்ளைன் கைவிட்ட ஒரு அல்சைமர் மருந்தை 50 லட்சம் டாலர் முன்பணம் கொடுத்து வாங்கினார்கள். சில மாதங்களிலேயே, 2015 ஜூனில், அந்த ஒரு மருந்தை நம்பி ஐபிஓ-வில் 31.5 கோடி டாலர் திரட்டினார்கள். முதல் நாளே பங்கு கிட்டத்தட்ட இரட்டிப்பானது. 2017 செப்டம்பரில், அனுமதிக்கு முந்தைய மூன்றாம் கட்ட சோதனை தோற்றது. ஒரே நாளில் மதிப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு போய்விட்டது.

விதைநெல்:
சார், நீங்கள் கையைச் சுட்டுக்கொண்டது வருத்தம்தான். ஆனால் மருந்து அனுமதி வாங்கட்டும், அப்புறம் பணம் போடுவோம் என்று எல்லோரும் உட்கார்ந்திருந்தால் அந்த மருந்து யார் பணத்தில் அனுமதி வரை போகும்? மூன்றாம் கட்ட சோதனைக்கு வங்கி கடன் கொடுக்காது. அடமானம் வைக்க என்ன இருக்கிறது, காப்புரிமையும் உறைபெட்டியில் சில குப்பிகளும்தானே.

1980 அக்டோபரில் ஜெனன்டெக் சந்தைக்கு வந்தபோது சொந்தமாக விற்க ஒரு மருந்தும் இல்லை. 35 டாலர் பங்கு ஒரு மணி நேரத்துக்குள் 88-ஐத் தொட்டது. பைத்தியக்காரத்தனம் என்று சொல்லலாம். ஆனால் அவர்கள் பாக்டீரியாவுக்குள் உருவாக்கிய மனித இன்சுலின் 1982-ல் எலி லில்லி மூலம் அனுமதி பெற்றது. 2009-ல் மீதமிருந்த பங்குகளை வாங்கவே ரோஷ் 4,680 கோடி டாலர் கொடுத்தது.

கொஞ்சம் பக்கத்துக் காலம் வேண்டுமென்றால் கைட் ஃபார்மா. நோயாளியின் ரத்த வெள்ளணுக்களை வெளியே எடுத்து, புற்றுநோயை அடையாளம் காணும்படி மாற்றி, மறுபடி அவர் உடம்பிலேயே ஏற்றுகிற சிகிச்சை. 2014 ஜூனில் பங்கு 17 டாலர். 2017-ல் கிலியட் 180 டாலர் கொடுத்து வாங்கியது. அனுமதிக்காகக் காத்திருந்தவருக்கு வாங்க ஒன்றுமே மிச்சமில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்த 35 டாலர் யாருக்குக் கிடைத்தது? இதைத்தான் நான் கேட்கிறேன். ஐபிஓ விலையில் பங்கு பெரும்பாலும் பெரிய நிதிகளுக்குப் போகிறது. சூடான பங்கு என்றால் நம் போன்றவர்கள் சந்தை திறந்த பிறகு 88-ல்தான் வாங்க முடியும். ஜெனன்டெக் அன்று மாலை 71.25-ல் முடிந்தது, 88-ல் வாங்கியவர் வீட்டுக்குப் போகும்போதே நஷ்டத்தில். யாரும் சீந்தாத பங்கு என்றால் மட்டும் கேட்ட அளவுக்கு நமக்குக் கிடைக்கும். ஆக, நமக்குத் தாராளமாகக் கிடைக்கிறது என்பதே ஒரு எச்சரிக்கை.

மாடர்னாவையே பாருங்கள். 2018 டிசம்பரில் 60 கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள், அதுவரை பயோடெக்கில் அவ்வளவு பெரிய ஐபிஓ வந்ததில்லை. 23 டாலர் விலை. முதல் நாளே 18.60-ல் முடிந்தது. ஒரு நாள் பொறுத்தவருக்குக்கூட மலிவாகக் கிடைத்தது.

விதைநெல்:
அதே மாடர்னா 2021 ஆகஸ்டில் 480 டாலரைத் தாண்டியது. 23-க்கும் 18.60-க்கும் இருந்த வித்தியாசம் அன்று யாருக்கு நினைவிருந்தது?

கணக்குப்பிள்ளை:
2024 முடிவில் 50 டாலருக்கும் கீழே வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெருந்தொற்று வரும் என்று 2018-ல் எந்த முதலீட்டாளரும் கணக்குப் போட்டிருக்க முடியாது. அதை அறிவியலுக்குக் கிடைத்த வெற்றியாகக் கொண்டாடலாம். முதலீட்டு முறைக்குச் சான்றாகக் காட்டக்கூடாது.

வெண்கதிர்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பதினொரு ஆண்டுகளாக மருத்துவ சோதனைகளின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை செய்கிறேன். பங்கு விலை பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, சோதனை பற்றிச் சொல்லலாம்.

அமெரிக்க பயோடெக் தொழிலமைப்பான பயோ 2011 முதல் 2020 வரை எடுத்த கணக்கில், முதல் கட்டத்துக்குள் நுழைகிற மருந்துகளில் அனுமதி வரை போவது 7.9 சதவீதம். எல்லோரும் இந்த எண்ணையே மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம் நடுவில் இருக்கிற இன்னோர் எண்: இரண்டாம் கட்டத்திலிருந்து மூன்றாம் கட்டத்துக்குப் போவது 28.9 சதவீதம். பெரிய பள்ளம் அங்கேதான். முதல் கட்டம் மருந்து ஆளைக் கெடுக்கிறதா என்று பார்க்கிறது. வேலை செய்கிறதா என்ற கேள்வி உருப்படியாக முதன்முறை கேட்கப்படுவது இரண்டாம் கட்டத்தில். மருதம் சொல்லும் கம்பெனி அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு பணம் கேட்கிறது.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. 38 நோயாளிகளுக்குக் கொடுத்தோம், 20 பேர் தேறினார்கள் என்று புராஸ்பெக்டஸில், அதாவது ஐபிஓ-வுக்காகக் கம்பெனி வெளியிடும் விவர அறிக்கையில், இருந்தால் முதலில் தேட வேண்டியது ஒப்பீட்டுக் குழு இருந்ததா என்பதை. வலி, மனச்சோர்வு மாதிரி நோய்களில் வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் பலரும் தேறுவார்கள். யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று டாக்டருக்கும் தெரியாமல் வைத்திருந்தார்களா? இலக்கு சோதனை தொடங்குவதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்டதா? தோற்ற சோதனையில் 60 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது என்று ஒரு வரி வரும். அப்படிப் பிரித்துப் பிரித்துப் பார்த்தால் எந்தத் தரவிலும் ஏதோ ஒரு மூலையில் பலன் தெரியும். நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

விதைநெல்:
மேடம், மிக்க நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். 7.9 என்பது மருந்துகளின் கணக்கு, கம்பெனிகளின் கணக்கு இல்லையே. ரீஜெனரான் 1991-ல் 22 டாலருக்கு வந்தது. அவர்கள் பெரிதாக நம்பிய நரம்புத் தசைச் சிதைவு நோய் மருந்து சில ஆண்டுகளில் தோற்றது. ஆனால் ஆய்வகம் நிற்கவில்லை. 2008-ல் முதல் அனுமதி, 2011-ல் ஐலியா என்ற கண் மருந்து. ஒரு மருந்து செத்தால் கம்பெனி சாக வேண்டியதில்லை.

கணக்குப்பிள்ளை:
பதினேழு ஆண்டுகள், தம்பி. 1991-ல் வாங்கினவர் முதல் அனுமதியைப் பார்க்க 2008 வரை உட்கார வேண்டியிருந்தது. அதற்குள் எத்தனை முறை புதிய பங்குகளை விற்றிருப்பார்கள்? ஒவ்வொரு முறையும் பழையவரின் பங்கு நீர்த்துப்போகும். ஐபிஓ-வை இவர்கள் கடைசிப் படி போலப் பேசுகிறார்கள். அது பணம் கேட்கிற படலத்தின் தொடக்கம். காலையில் நல்ல முடிவு வரும், பங்கு ஏறும், மாலையே புதிய பங்கு வெளியீட்டு அறிவிப்பு வரும். இதை நான் ஒருமுறை இல்லை, பலமுறை பார்த்துவிட்டேன்.

புதியவன்12:
ஒரு சின்னக் கேள்வி. ஏற்கெனவே பணம் போட்ட நிதிகள் ஐபிஓ-விலும் வாங்க விருப்பம் தெரிவித்திருக்கின்றன என்று புராஸ்பெக்டஸில் போடுகிறார்கள். அது நல்ல அறிகுறிதானே?

விதைநெல்:
என்னைப் பொறுத்தவரை நல்லதுதான். உள்ளே இருந்து தரவைப் பார்த்தவர்கள் மறுபடி தங்கள் பணத்தை இறக்குகிறார்கள். விற்று வெளியேறத்தான் ஐபிஓ என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. தவிர, பழைய முதலீட்டாளர்கள் வழக்கமாக 180 நாட்களுக்கு விற்கவே முடியாது.

கணக்குப்பிள்ளை:
எவ்வளவு வாங்குகிறார்கள் என்று பாருங்கள் புதியவன். கொஞ்சம் என்றால் நம்பிக்கை. வெளியீட்டில் பாதியை அவர்களே எடுத்தால், வெளியே வாங்க ஆளில்லை, கடை சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் அந்த 180-வது நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த வாரம் விலை எப்படி ஆடுகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விதைநெல்:
பாதி எடுத்தால் முட்டு என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சந்தை மொத்தமாகப் படுத்திருக்கிற காலத்தில் நல்ல கம்பெனிக்கும் ஆள் வரமாட்டார்கள். 2022-ல் வங்கியில் இருந்த ரொக்கத்தைவிடக் குறைந்த விலைக்கு எத்தனை பயோடெக் பங்குகள் கிடந்தன! அவ்வளவும் மோசமான அறிவியலா?

மருதம்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து புராஸ்பெக்டஸை மறுபடி படித்தேன், இந்த முறை பணத்தை எதற்குச் செலவிடுவார்கள் என்ற பகுதியிலிருந்து தொடங்கி. ஐபிஓ முடிந்ததும் கையிருப்பு 12 கோடி டாலர் இருக்கும். இப்போதைய செலவு காலாண்டுக்கு ஒன்றரைக் கோடி. எட்டு காலாண்டு, அதாவது இரண்டு ஆண்டுகள். சோதனை முடிவு வர 30 மாதம் ஆகும் என்று அவர்களே வேறொரு பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் முடிவு வருவதற்கு முன்பே ஒருமுறை பணம் கேட்டுத்தான் ஆக வேண்டும், இல்லையா?

கணக்குப்பிள்ளை:
ஆமாம். அதுவும் சோதனை ஏற ஏறச் செலவு கூடும், எட்டு காலாண்டு ஆறாகலாம். நல்ல கண்டுபிடிப்பு மருதம். இரண்டாவது முறை கேட்கும்போது வாங்குங்கள், அப்போது உங்கள் கையிலும் கூடுதல் தகவல் இருக்கும்.

விதைநெல்:
இடைக்கால முடிவு நன்றாக வந்தால் அந்த இரண்டாவது விலை இன்றைய விலையைப்போல இரண்டு மடங்காக இருக்கும். காத்திருப்பதற்கும் விலை உண்டு சார். மருதம், நான் செய்வதைச் சொல்கிறேன். போட வேண்டும் என்று நினைக்கிற தொகையை மூன்றாகப் பிரிப்பேன். ஒன்று இப்போது, ஒன்று 180 நாள் முடிந்ததும், ஒன்று அடுத்த வெளியீட்டில். ஒரே கம்பெனியிலும் போடமாட்டேன், ஏழெட்டில் போடுவேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது இந்தத் துறைக்கே சொன்ன மாதிரி இருக்கிறது.

வெண்கதிர்:
மருதம், அமெரிக்க அரசின் கிளினிக்கல் ட்ரயல்ஸ் பதிவேட்டில் அந்தச் சோதனை இருக்கும். அதில் பழைய பதிப்புகளையும் பார்க்க முடியும். முதன்மை இலக்கு எப்போதாவது மாறியிருக்கிறதா என்று பார்த்தீர்களா?

மருதம்:
இப்போதுதான் பார்த்தேன் மேடம். மாறியிருக்கிறது. முதலில் 24-வது வாரத்தில் அளப்பதாக இருந்தது, இப்போது 12-வது வாரம் என்று இருக்கிறது. மாற்றிய தேதி, சோதனையில் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கி ஏழு மாதம் கழித்து. புராஸ்பெக்டஸில் இதைப் பற்றி ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை.

வெண்கதிர்:
அதை வைத்து மட்டும் தப்பு என்று சொல்லிவிடக்கூடாது. யார் எந்த மருந்தை எடுக்கிறார்கள் என்பது தெரியாத நிலையிலேயே மாற்றியிருக்கலாம், ஒழுங்குமுறை அமைப்பே மாற்றச் சொல்லியிருக்கலாம். ஆனால் 12 வாரப் பலன் 24-வது வாரத்தில் தேய்ந்துபோகிற மருந்துகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானாக இருந்தால் காரணம் தெரியாமல் ஒரு அடி நகரமாட்டேன்.

விதைநெல்:
கம்பெனியின் முதலீட்டாளர் தொடர்புப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள் மருதம். ஐபிஓ நேரத்தில் புராஸ்பெக்டஸைத் தாண்டி அவர்கள் அதிகம் பேச முடியாது, ஆனால் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றாவது காட்டலாம். அந்தக் காரணம் தெரியும் வரை அந்த முதல் மூன்றில் ஒரு பங்கையும் நான் போடமாட்டேன். கணக்குப்பிள்ளை சார் சொன்ன காரணத்துக்காக இல்லை, மேடம் சொன்ன காரணத்துக்காக.

மருதம்:
எழுதிவிட்டேன். விண்ணப்பம் 14-ஆம் தேதி முடிகிறது. பதில் வந்தால் இங்கேயே அப்படியே போடுகிறேன், வராவிட்டால் விண்ணப்பிக்கப்போவதில்லை. வெண்கதிர் மேடம், பதில் வந்தால் ஒருமுறை படித்துப் பாருங்கள்.