குழு: தாத்தா வீடு

ஊர் சித்தி: காலையிலிருந்து கக்கூஸில் தண்ணீர் இறங்கவே இல்லை. ஒரு சொம்பு ஊற்றினால் குபுகுபுவென்று மேலே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்கு அறுபது பேர் என்கிறீர்கள், நான் என்ன செய்ய?

திவ்யா: ஐயோ சித்தி

ஊர் சித்தி: (புகைப்படம்)

மணி அண்ணன்: சித்தி இட்லி சாப்பிடுகிறேன்

கே.ஆர். புரம் அத்தை: பொங்கலுக்குத்தானே லாரி வந்து உறிஞ்சியது?

ஊர் சித்தி: எட்டு மாதம்கூட ஆகவில்லை அண்ணி

அல்சூர் பெரியப்பா: அது நிறைந்ததால் வரவில்லை. டேங்க் டேங்க் என்கிறோமே, நம் வீட்டில் இருப்பது செப்டிக் டேங்க்கே கிடையாது. செப்டிக் டேங்க் என்றால் அடி பூசியிருக்கும், நடுவில் தடுப்பு இருக்கும், கசடு கீழே தங்கித் தெளிந்த தண்ணீர் மட்டும் வெளியே போகும். இது ஆறு உறை இறக்கிய குழி, அடியில் வெறும் மண், தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால்தான் வேலை செய்யும். 2018இல் பெங்களூரிலிருந்து கே.சி. வேலி (கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்கு) திட்டத் தண்ணீர் கோலார் ஏரிகளுக்கு வர ஆரம்பித்தது, நம் ஏரியும் நிறைந்தது. ஆயிரம் அடி போர்வெல் போட்ட ஊரில் இப்போது தோட்டத்துக் கிணற்றிலேயே தண்ணீர் நிற்கிறது. ஏரிக்கும் நம் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு ராகி வயல். குழியே தண்ணீருக்குள் நிற்கிறது, பிறகு எங்கே இறங்கும்?

மணி அண்ணன்: கே.சி. வேலி பெங்களூர் சாக்கடைதானே

அல்சூர் பெரியப்பா: சுத்திகரித்த நீர். இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு வரை. ஒரு நாளைக்கு 44 கோடி லிட்டர் திட்டம்.

மணி அண்ணன்: ஆக, அல்சூரில் பெரியப்பா இழுத்துவிடுவது பெல்லந்தூர் போய், கோலார் போய், சித்தி வீட்டில் எட்டிப் பார்க்கிறது

திவ்யா: டேய்

கே.ஆர். புரம் அத்தை: முதல் வருடமே லட்சுமிசாகர் ஏரியில் நுரை பொங்கியதே. அதையா குடிக்கிறீர்கள்?

ஊர் சித்தி: குடிக்க ஆர்.ஓ. தண்ணீர்தான், காசு போட்டுப் பிடிக்கிறோம். தக்காளிக்கு அந்தத் தண்ணீர் நல்லதுதான், பொய் சொல்லக் கூடாது.

மணி அண்ணன்: பிரியாணி உண்டா இல்லையா

திவ்யா: கோயிலில் வைத்துக் காது குத்துகிறோம், வீட்டில் பிரியாணி. மாமியார் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அல்சூர் பெரியப்பா: நிரந்தர வழி இரட்டைக் குழி. ஒன்று நிறைந்தால் அடுத்ததற்குத் திருப்பிவிட வேண்டும், மூடியது இரண்டு வருடத்தில் எருவாகிவிடும். நம் இடத்தில் நீர்மட்டம் உயரம் என்பதால் மேடாகக் கட்டி, அடியைக் களிமண்ணால் அடைத்து, சுற்றிலும் அரை மீட்டர் மணல் போட வேண்டும். போர்வெல்லிலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். கிழக்குப் பக்கம்தான் சரி.

கே.ஆர். புரம் அத்தை: எந்தக் கிழக்குப் பக்கம் அண்ணா? நீங்கள் விற்றீர்களே, அதுவா?

மணி அண்ணன்: 🍿

அல்சூர் பெரியப்பா: அது அப்பா இருக்கும்போதே பேசி முடித்தது. உறை இறக்கியது உன் வீட்டுக்காரர், அதை நான் சொன்னேனா?

கே.ஆர். புரம் அத்தை: இப்போது சொல்லிவிட்டீர்களே

திவ்யா: ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வது, அதைச் சொல்லுங்கள்

மணி அண்ணன்: கே.ஆர். புரத்தில் மண்டபம்?

ஊர் சித்தி: குலதெய்வம் இங்கே இருக்கிறது, காது அங்கே குத்துவீர்களா

அல்சூர் பெரியப்பா: இப்போதைக்கு லாரியைக் கூப்பிடு, ஆனால் உறிஞ்சினாலும் நாலு நாளில் ஊறிவிடும், சனிக்கிழமை சாயங்காலம் எடுத்தால் போதும். ஆளை மட்டும் உள்ளே இறக்காதே. 2013 சட்டப்படி குற்றம், அதைவிட உயிர் போகும். அப்புறம், எங்கே கொட்டுகிறான் என்று கேள். தேவனஹள்ளியில் 2015லேயே இதற்கென்று கசடு சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டார்கள்.

ஊர் சித்தி: போன தடவை ஏரிக்கரையிலேயே குழாயைத் திறந்துவிட்டான். ராத்திரி முழுக்க நாய் குரைத்தது.

திவ்யா: அந்த ஏரியிலா??

மணி அண்ணன்: வாடகைக் கக்கூஸ் வண்டி விசாரிக்கிறேன்

கே.ஆர். புரம் அத்தை: விசாரி. பணம் யார்?

ஊர் சித்தி: லாரிக்காரனிடம் பேசினேன். சனிக்கிழமை வருகிறேன் என்றான். எங்கே கொட்டுவாய் என்றதும் போனை வைத்துவிட்டான்.