.22 ரைபிளின் காடிக்குப் பொருந்துகிற ஸ்கோப் ரிங் எது?

உவர்மலையான்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவிடமிருந்து எனக்கு வந்த .22 ரைபிள் ஒன்று இருக்கிறது. செக் நாட்டு சீசெட் 452. அனுமதிப்பத்திரத்தை என் பெயருக்கு மாற்றி, வருடா வருடம் புதுப்பித்து வைத்திருக்கிறேன். வருடத்தில் நாலைந்து முறை ரேஞ்சுக்குக் கொண்டுபோய் 50 மீட்டரில் தாள் இலக்குக்குச் சுடுவதோடு சரி, வேறு பாவனை கிடையாது. இப்போது எனக்கு வயது 52. பின் சைட், முன் சைட், இலக்கு மூன்றும் ஒன்றாகத் தெளிவாகத் தெரிகிற காலம் போய்விட்டது. அதனால் 3-9x40 ஸ்கோப் (மூன்று முதல் ஒன்பது மடங்கு பெரிதாக்குகிற, முன் கண்ணாடி 40 மில்லிமீட்டர் உள்ள குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்று வாங்கினேன், டியூப் ஒரு இன்ச்.

சிக்கல் ஸ்கோப்பைத் துவக்கில் பிடித்து நிறுத்துகிற வளையமான ரிங்கில்தான். தோட்டா ஏறுகிற உலோக உடலான ரிசீவரின் மேலே இரண்டு பக்கமும் நீளவாக்கில் காடி வெட்டியிருக்கிறது. கடைக்காரர் "இது எல்லாத் துவக்குக்கும் போகும்" என்று தந்த முதல் சோடியை முடிந்த மட்டும் இறுக்கியும் அது ஆடியது. பிறகு 11 மில்லிமீட்டர் என்று பொறித்த இன்னொரு சோடி எடுத்தேன். இது பிடிக்கிறது, ஆனால் இருபது ரவுண்ட் போனதும் குண்டுகள் விழுகிற குழுமம் மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்கிறது. கழற்றிப் பார்த்தால் பின் ரிங் பிடித்த இடத்தில், காடியின் விளிம்பில் நகக்கீறல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அப்பா அந்த ரிசீவரை எத்தனை கவனமாகத் துடைத்து வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும், அதைப் பார்த்ததும் மனம் சரியில்லை.

என் காடிக்கு உண்மையில் என்ன அளவு ரிங்? அடாப்டர் ஒன்று போட்டு அகலமான ரிங் மாட்டினால் தீருமா? ரிங்கின் உயரம் லோ, மீடியம், ஹை இதில் எது? வீடு கடலுக்குக் கிட்ட, உப்புக்காற்று சும்மா விடாது, அதனால் ஸ்டீலா அலுமினியமா என்பதையும் சொல்லுங்கோ.

சீனக்குடா கடைச்சல்:

அண்ணை, அடுத்த சோடி வாங்குவதற்கு முன் காடியை அளவுங்கோ. வேர்னியர் அளவி இல்லாவிட்டால் பக்கத்தில் உள்ள ஏதாவது லேத் பட்டறையில் கேட்டால் இரண்டு நிமிட வேலை. துவக்கைக் கொண்டுபோக வேண்டாம், வேர்னியரை வாங்கி வந்து வீட்டில் அளவுங்கோ. காடிகளுக்கு மேலே உள்ள தட்டையான பாகத்தின் அகலத்தைத்தான் எடுக்க வேண்டும், அடியில் ஒடுங்குகிற இடத்தை அல்ல. அமெரிக்க .22 துவக்குகளில் பெரும்பாலும் எட்டில் மூன்று இன்ச், அதாவது 9.5 மில்லிமீட்டர் அளவில் வரும். ஐரோப்பியத் துவக்குகளில் 11. சீசெட் 452 பதினொன்றுதான், ஆனாலும் அளந்து பார்த்தால்தான் நம்பலாம், பழைய துவக்கில் யார் என்ன அரம் போட்டார்கள் என்று தெரியாது.

முதல் சோடி நிச்சயம் வீவர் அல்லது பிக்காட்டினி ரிங். அது 21 மில்லிமீட்டர் அளவு அகலமான ரெயிலுக்குச் செய்தது, உங்கள் காடியை அதால் கவ்வவே முடியாது. அதைத் திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டாம்.

இரண்டாவது சோடி அளவில் சரி, இருப்பில் பிழை என்று நினைக்கிறேன். அந்த வெள்ளைக் கோடே சாட்சி. ரிங்கின் தாடை, அதாவது காடியைக் கவ்வுகிற துண்டு, முழு நீளத்துக்கும் காடியில் படிந்திருந்தால் கோடு விழாது, மங்கலான பட்டைதான் விழும். கோடு விழுந்தால் ஒரு மூலை மட்டும் கடித்துக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் அது மயிரிழை மயிரிழையாக உட்கார, ஸ்கோப்பும் கூடவே போகிறது.

பட்டறையில் நாங்கள் இதற்குச் செய்வது ஒன்றுதான். குப்பி விளக்கைக் கொளுத்தி, புகை பிடிக்கிற மாதிரித் திரியைத் தூக்கி, தாடையின் உள்முகத்தை அந்தச் சுவாலைக்கு மேலே ஒரு கணம் காட்டினால் மெல்லிய கரி படியும். அதைத் துவக்கில் வைத்து இறுக்கி, திரும்பக் கழற்றிப் பாருங்கோ. கரி எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் தொடுகிறது. முழு நீளமும் அழிந்திருந்தால் நல்லது. ஒரு முனையில் மட்டும் புள்ளியாக அழிந்திருந்தால் நான் சொன்னது சரி.

அதற்கு முன் காடியைச் சுத்தம் பண்ணுங்கோ. பழைய துவக்கில் கிரீசும் தூசியும் சேர்ந்து தார் மாதிரி இறுகியிருக்கும், வெளியில் பார்த்தால் இரும்பு போலவே தெரியும். பழைய பல்துலக்கியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும்.

இன்னொன்று, சில ரிங்குகளின் தாடைத் துண்டைத் திருப்பிப் போடலாம், ஒரு விளிம்பு 9.5 அளவுக்கு, மற்ற விளிம்பு 11 அளவுக்கு. பெட்டியில் எப்படி வந்ததோ அப்படியே மாட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். அதையும் பாருங்கோ.

ஸ்கார்பரோ திருமலை:

நானும் உங்களைப் போலத் திருகோணமலைதான், இப்போது கனடாவில். இங்கே என்னிடம் மார்லின் 60 இருக்கிறது, அது எட்டில் மூன்று இன்ச் காடி. 11 என்று எழுதிய ரிங்கை அதில் போட்டு நானும் கஷ்டப்பட்டிருக்கிறேன், தாடை கடைசி வரை போய்ச் சரிந்து நிற்கும், ஸ்கோப் நடுக்கோட்டிலிருந்து விலகிவிடும், பிறகு இடம் வலம் திருத்துகிற டயல் முழுக்க அதற்கே செலவாகும்.

அடாப்டர் உங்களுக்குத் தேவையில்லை அண்ணை. அதற்கு ஒரு பிடி, அதன் மேல் ரிங்குக்கு இன்னொரு பிடி, தளரக்கூடிய இடம் இரண்டாகிவிடும், உயரமும் கூடும். 30 மில்லிமீட்டர் டியூபுக்குக் காடி ரிங் கிடைக்காமல் போனால் யோசிக்கலாம். உங்களுடையது ஒரு இன்ச், நேரடி ரிங் தாராளமாக இருக்கிறது.

உயரம்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். லோ ரிங் என்றால் கன்னம் துவக்கின் மரப்பிடியில் நன்றாக ஒட்டும், அது நல்லதுதான், ஆனால் உங்களுக்கு மூன்று தடைகள் இருக்கின்றன. ஒன்று, 40 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் அதைச் சுற்றியுள்ள உலோகத்தோடு வெளிவிட்டம் 47 அளவுக்கு வரும், நடுவிலிருந்து கீழே 23 மில்லிமீட்டருக்கு மேல் இடம் வேண்டும். அடுத்தது, 452 இல் துவக்கின் குழாயின் மேலே பின் சைட் நிற்கிறது, ஸ்கோப்பின் முன்பக்கம் அதில் முட்டலாம். அப்புறம் தோட்டாவை ஏற்றுகிற போல்ட். கைப்பிடியைத் தூக்கும்போது ஸ்கோப்பின் கண்பக்கத்தில் இடித்தால் சுடுகிறதே வேதனை. அதனால் மீடியத்தில் தொடங்குங்கோ. மாட்டிவிட்டு ஒரு தாள் துண்டை மடித்து முன்பக்கத்துக்கும் பின் சைட்டுக்கும் இடையில் விட்டுப் பாருங்கோ, தடையில்லாமல் போய் வந்தால் போதும். அதைவிட உயர்த்தினால் கன்னம் மரத்தை விட்டு எழும்பி, தலை ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும்.

ரிங்கின் மேல்மூடித் திருகாணிகளைப் பொறுத்தவரை பல தயாரிப்பாளர்கள் 15 முதல் 18 இன்ச் பவுண்ட் என்கிறார்கள், ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளக்கிற டார்க் கீ இல்லை என்றால் அலன் கீயின் குட்டைப் பக்கத்தை விரலால் பிடித்து, மூலைக்கு மூலை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கோ. இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். நீளப் பக்கத்தைப் பிடித்து முறுக்கினால் டியூப் நசுங்கும்.

நிலாவெளி வாடை:

ரிங் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள், நான் ஸ்கோப்பைப் பற்றி ஒன்று கேட்கிறேன். அதில் பாரலாக்ஸ், அதாவது கண் நகரும்போது குறியும் நகர்வது போலத் தெரிகிற பிழை, எத்தனை யார் (கெஜம்) தூரத்துக்குச் சரிசெய்தது? .22 க்கென்று வருகிறவை வழக்கமாக 50 யார், பெரிய ரைபிளுக்கு வருகிறவை 100 யார். உங்களுடையது 100 என்றால், 50 மீட்டரில் கண் ஓரமாக நின்றால் மட்டும் குறி 9 மில்லிமீட்டர் வரை பிசகும். 100 யார் என்பது 91 மீட்டர், 50 மீட்டருக்கும் அதற்கும் வித்தியாசம் 41; கண்ணாடியின் 40 இன் பாதி 20, அதை 41 ஆல் பெருக்கி 91 ஆல் வகுத்தால் 9 வரும். 50 மீட்டர் ரைபிள் இலக்கின் பத்து வளையமே 10.4 மில்லிமீட்டர்தான். அதனால் குழுமம் நகர்வது முழுக்க ரிங்கின் பிழை என்று முடிவு கட்டமாட்டேன். பார்க்கும்போது ஓரத்தில் வருகிற கறுப்பு வளையம் சுற்றிவர ஒரே தடிப்பில் இருக்கிற மாதிரித் தலையை வையுங்கோ. கச்சான் காற்று வீசுகிற நாட்களில் .22 குண்டு பக்கவாட்டில் போகும் என்பதையும் மறக்க வேண்டாம், காற்றில்லாத காலையில் சோதியுங்கோ.

உப்புக்காற்றுக்கு இரண்டு உலோகமும் பாவிக்கலாம், பராமரிப்புத்தான் முக்கியம். நான் ஸ்டீல் பக்கம். அலுமினியமும் ஸ்டீலும் ஒட்டி நிற்கிற இடத்தில் உப்பீரம் புகுந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். எது போட்டாலும் வருடத்தில் ஒருமுறை, வாடை தொடங்க முன், கழற்றித் துடைத்துக் காடியில் எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவி மாட்டுங்கோ.

உவர்மலையான்:

எல்லாருக்கும் நன்றி, நேற்று முழுக்க இதோடுதான் இருந்தேன். தோட்டா இல்லையென்று இரண்டு முறை பார்த்து, போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொடங்கினேன்.

காடி 11.0. பல்துலக்கியால் தேய்க்கத் தேய்க்க, இரும்பு என்று நான் நினைத்திருந்தது கறுப்பு மெழுகு போல உருண்டு வந்தது. விளக்குக் கரி வைத்துப் பார்த்தேன். முன் ரிங்கில் முழு நீளமும் அழிந்தது. பின் ரிங்கில் ஒரு மூலையில் மிளகு அளவு புள்ளி மட்டும். தாடையைக் கழற்றி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது தெரிந்தது, பின் ரிங்கின் தாடை தலைகீழாக இருந்தது, ஒரு விளிம்பு மற்றதைவிடத் தடிப்பு. திருப்பிப் போட்டுக் கரி வைத்தேன், இப்போது அதுவும் நீளத்துக்கு அழிகிறது.

உயரமும் தற்செயலாக மீடியம்தான், தாள் போய் வருகிறது, போல்ட் இடிக்கவில்லை. அரிசிச் சாக்கில் துவக்கைக் கிடத்தி, குழாய்க்குள்ளால் பார்த்து, வளவுப் பனையில் ஒட்டிய வெள்ளைத் தாளை நடுவில் எடுத்து, ஸ்கோப்பின் குறுக்குக் கோட்டையும் அதற்கே கொண்டுவந்து வைத்திருக்கிறேன். ஸ்கோப் பெட்டியில் 100 யார் என்றுதான் எழுதியிருக்கிறது, ஆகவே தலை வைக்கிற விஷயத்தைப் பழக வேண்டும்.

சீனக்குடா கடைச்சல்:

நல்லது அண்ணை. ரேஞ்சில் முதல் பத்து ரவுண்ட் போனதும் தாடையை இறுக்குகிற அடித் திருகாணிகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கோ, புதிதாக உட்கார்ந்த தாடை கொஞ்சம் தளரும். அந்த வெள்ளைக் கோட்டை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். எண்ணெய் மட்டும் தடவி விடுங்கோ, ரிங்குக்கு அடியில் மறைந்துவிடும்.